கையில் வித்தை, வாயில் வெடி: திறமையான முரட்டு ஆளைத் தலைவராக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஓமலூர் வட்டாரத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலை, விசைத்தறிக் கூடம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர்களும் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே ஆளைப் பற்றித்தான். "வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவரோடு வேலை செய்யவும் ஆளில்லை." பத்தொன்பது ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எப்படிப்பட்ட ஆளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஓர் ஆளைக் காட்டிவிடுகிறேன். இந்தப் பக்கம் முழுக்க அவர் வந்துபோவார்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் ஒரு சேகோ ஆலை. அங்கே ஃபோர்மேனுக்கு ஐம்பது வயதிருக்கும். தொட்டியில் படிந்த மரவள்ளி மாவை ஒரு கைப்பிடி அள்ளி நெருக்குவார். பிறகு விரல்களை மெல்ல விரிப்பார். உருண்டை எப்படி விரிசல் விடுகிறது என்று பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்" என்பார். அந்த ஒரு மணி நேரம் பிசகி நான் பார்த்ததில்லை. வறுவல் தட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, எழுகிற சத்தத்தை வைத்துச் சூடு சொல்வார். அந்த ஆலையின் ஜவ்வரிசி நல்ல விலைக்குப் போகிறதென்றால் பாதி அந்தக் கையால்தான்.

அதே மனிதர், களத்தில் ஜவ்வரிசி துழாவும் ஓர் அம்மா பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்காக, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்துவார். இரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள் வந்து, நின்றுவிட்டார்கள். நான் போனபோது இருந்தவர் நான்காவது ஆள். முதலாளி என்னிடம் கேட்டது இதுதான்: "அவருடைய கை எனக்கு வேண்டும். வாய் மட்டும் வேண்டாம். ஏதாவது வழி இருக்கிறதா?"

அவர் திருடுகிறவர் இல்லை, குடித்துவிட்டு வருகிறவர் இல்லை, கணக்கில் பொய் சொல்கிறவரும் இல்லை. அவருடைய கோபமெல்லாம் வேலை கெட்டுப்போவதன் மேல் வருகிற கோபம். அப்படிப்பட்டவரைத் திருத்தலாம். வேறு வகையினரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

உங்களிடமிருந்து. முதலாளிகளுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. அதனால்தான் இதை முதலில் வைத்திருக்கிறேன்.

அந்த ஆலையில் முதல் வாரம் நான் ஃபோர்மேனைக் கவனிக்கவில்லை. முதலாளியைத்தான் கவனித்தேன். காலையில் வந்ததும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே ஃபோர்மேனைக் கூப்பிடுவார். மோட்டார் நின்றால் எலக்ட்ரீஷியனைத் தேடாமல் அவரைத் தேடுவார். உதவியாளர் ஏதாவது சொன்னால், "அவரிடம் கேட்டாயா?" என்பார். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே அளவு போனஸ். ஃபோர்மேனுக்கு மட்டும் தனியாக ஒரு கவர். அந்தக் கவர் யாருக்கும் தெரியாது என்று முதலாளி நினைத்திருந்தார். தெரியாதவர் யாரும் அந்த ஆலையில் இல்லை.

இப்படிப் பதினைந்து ஆண்டுகள் நடந்தால் எந்த மனிதருக்கும் 'நான் இல்லாவிட்டால் இந்த ஆலை ஓடாது' என்ற எண்ணம் வரும். அது உண்மையாகவும் ஆகிவிடும். அந்த எண்ணத்துக்கு உரம் போட்டவர் நீங்கள். எனவே அவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு முன்பு, கடந்த ஒரு மாதத்தில் எதற்காகவெல்லாம் அவரைப் பாராட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓர் ஆளையாவது அவர் தேற்றிவிட்டதற்காகப் பாராட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால், நீங்கள் கேட்காததை அவர் கொடுக்கவில்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பு இல்லாமல் வேலை நடக்குமா?

நடக்காது. ஆனால் கண்டிப்பும் கத்தலும் ஒன்றில்லை.

சேலத்துப் பெரியவர்கள் இந்த இடத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தை இழுத்துவிடுவார்கள். 1930களில் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. "அவர் எப்படிக் கண்டிப்பாக இருந்தார் தெரியுமா?" என்பார்கள். சரி, அந்தக் கண்டிப்பு எதைப் பற்றியது என்றும் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்கு வர வேண்டும், குறித்த நாளில் வேலை முடிய வேண்டும், பெரிய நடிகருக்கும் அதே விதிதான். காலையிலேயே தெரிந்துவிடுகிற விதிக்கு யாரும் நடுங்க வேண்டியதில்லை. நம் ஃபோர்மேனிடம் இருந்தது வேறு. இன்று எதற்குக் கத்துவார், எதைக் கண்டுகொள்ளாமல் விடுவார் என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் வேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கத்துவதால் உண்மையில் நஷ்டம் உண்டா? உற்பத்தி நன்றாகத்தானே இருக்கிறது?

அவர் இருக்கும் நாட்களில் நன்றாகத்தான் இருக்கும். நஷ்டம் அவர் இல்லாத நாளில் வரும்.

ஐப்பசி மாதம். ஃபோர்மேன் உறவினர் திருமணத்துக்கு ஓமலூர் பக்கம் போயிருந்தார். களம் முழுக்க ஜவ்வரிசி காய்கிறது. மதியம் இரண்டு மணிக்குச் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. களத்தில் எட்டுப் பெண்கள், ஓர் உதவியாளர். தார்பாய்கள் சுவரோரம் மடித்துக் கிடக்கின்றன. உதவியாளர் தார்பாயைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், போனை எடுத்து ஃபோர்மேனுக்கு அடிக்கிறார். கல்யாண மண்டபத்து நாதஸ்வரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை. வயதான அம்மா ஒருவர், "போட்டுவிடலாமா, தம்பி?" என்று கேட்கிறார். "இருங்கள் அம்மா, அண்ணன் எடுக்கட்டும்" என்கிறார் இவர். ஏழாவது முறை அடிக்கும்போது மழை இறங்கிவிட்டது. ஏறக்குறைய நாற்பது மூட்டை.

முதலாளி உதவியாளரைப் பிடித்து உலுக்கினார். "கண் இல்லையா உனக்கு?" மறுநாள் நான் அந்தப் பையனோடு தனியாக உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: போன மாதம் ஒருநாள் மேகம் கூடியபோது அவராகவே தார்பாய் போட்டிருக்கிறார். மழை வரவில்லை. ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, எல்லோர் முன்பும், "அரை நாள் வெயிலைத் தின்றுவிட்டாயே, உன்னை யார் யோசிக்கச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று அந்தக் கேள்விக்கு விலை ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்து அதன் விலை நாற்பது மூட்டை. இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஃபோர்மேன் பெயரில் எழுத முடியாது. அதனால்தான் யாரும் எழுதுவதில்லை.

இதே விஷயத்தை அமெரிக்க மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் வேறு விதமாகப் பார்த்தார். 1996இல் வெளியான அவருடைய ஆய்வில், நல்ல தலைமை உள்ள செவிலியர் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்ததால் அப்படி ஆகிவிடவில்லை; நடந்த தவறை வெளியே சொல்ல அங்கே பயம் இல்லை. கத்துகிற ஃபோர்மேன் இருக்கும் ஆலையில் 'எல்லாம் சரியாகப் போகிறது' என்று கேள்விப்பட்டால் எனக்கு முதலில் வயிறுதான் கலங்கும்.

முதல் பேச்சை எங்கே வைத்துக்கொள்வது?

சாதாரண இடத்தில், சாதாரண நேரத்தில். ஒருவர் நல்லெண்ணத்தோடு தன் தறிக்கூட மாஸ்டரைக் காரில் ஏற்றி ஏற்காட்டுக்கு அழைத்துப்போனார். இருபது கொண்டை ஊசி வளைவு. மாஸ்டருக்குப் பாதி வழியிலேயே தலை சுற்றல். ஏரிக்கரையில் உட்கார வைத்து மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, "உங்களோடு மனம் விட்டுப் பேச வேண்டும்" என்று ஆரம்பித்ததும் அவர் கண் கலங்கிவிட்டார். "வேலையை விட்டு அனுப்புவதற்கா, முதலாளி, இவ்வளவு மரியாதை?" அன்று வேறு எதுவும் பேச முடியவில்லை.

வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, உங்கள் மேசைக்கு எதிரே இல்லாமல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். இருபது நிமிடம் போதும்.

என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிறாரே?

"உங்களுக்குக் கோபம் அதிகம்" என்று ஆரம்பித்தால் சண்டைதான். அது அவருடைய பிறவியைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு யாரும் 'ஆமாம்' என்று சொல்லமாட்டார்கள். "கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்" என்ற பழமொழி வேறு அவர் கைவசம் தயாராக இருக்கும்.

நடந்ததைச் சொல்லுங்கள். நாள், இடம், சொன்ன சொல், அதன் பிறகு நடந்தது. "போன மாதம் உதவியாளர் தார்பாய் போட்டபோது 'உன்னை யார் யோசிக்கச் சொன்னது' என்று கேட்டீர்கள். நேற்று மழை வந்தபோது அவர் யோசிக்கவில்லை. உங்களுக்கு ஏழு முறை போன் செய்தார்." இவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள். இரண்டு நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல், "பரவாயில்லை, விடுங்கள், உங்கள் அருமை எனக்குத் தெரியாதா?" என்று எழுந்துவிடுகிற முதலாளிகளே அதிகம். அத்தோடு அந்தப் பேச்சு வீண்.

குறை சொன்னால் திருந்திவிடுவார்கள் என்பதே பாதி நம்பிக்கைதான். க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1996இல் கணக்குப் பார்த்தார்கள். நிறைகுறை சொன்ன பிறகு சராசரியாக வேலை மேம்பட்டது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு விலகி ஆளின் தன்மானத்தைத் தொடும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 'நீ எப்படிப்பட்டவன்' என்று ஆரம்பிக்கிற எல்லா அறிவுரையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நம் ஃபோர்மேன் அன்று என்ன செய்தார் என்று கேட்பீர்கள். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் முதலாளியிடம் வந்து, "நான் இருந்திருந்தால் ஒன்றரை மணிக்கே மூடியிருப்பேன்" என்றார். முதலாளி எனக்குப் போன் செய்து, "ஒப்புக்கொள்ளவே இல்லை" என்று புலம்பினார். எனக்கோ அந்த வாக்கியம் தங்கமாகத் தெரிந்தது. ஒன்றரை மணிக்கே அவர் எதைப் பார்த்திருப்பார்? அங்கேதான் பிடி கிடைத்தது.

திறமைசாலிகளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்க வருவதில்லை?

அவர்களுக்குத் தெரிந்தது அவர்களுக்கே தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளில் கைக்குப் போய்விட்டது, வாய்க்கு வராது. 'இதுகூடத் தெரியவில்லையா?' என்று அவர் கத்தும்போது உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம். தான் ஒரு காலத்தில் அதைக் கற்றுக்கொண்டோம் என்பதே மறந்துபோயிருக்கிறது. பொறுமையின்மையில் பெரும்பகுதி இந்த மறதிதான் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

முதல் நாள் ஃபோர்மேன் வறுவல் தட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவியாளர் கிளறுகிறார். "ம்... அப்படி இல்லை. கொஞ்சம்... இப்படி..." என்கிறார். 'இப்படி' எப்படி என்று காட்டக் கை வரவில்லை. தோள் இரண்டும் துடிக்கின்றன. ஐந்து நிமிடத்தில் வேர்த்துவிட்டது. கையை உருவி, கரண்டியைப் பிடுங்கி, "தள்ளு!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆலையில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்ததாகக் களத்து அம்மா சொன்னார்.

நான்காவது நாள் சொல் வர ஆரம்பித்தது. "மணி ஒட்டுகிறதா பார். ஒட்டினால் சூடு குறைவு. வெடித்தால் அதிகம். ஒட்டாமல் வெடிக்காமல் தட்டில் உருளுகிற சத்தம் மாறும், அதைக் கேள்." உதவியாளர் அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டார். மழைக்கும் அப்படியே. மலை உச்சி மறைந்துவிட்டதா, காற்று நின்றுபோய் மறுபடி எதிர்த்திசையிலிருந்து அடிக்கிறதா, காற்றில் ஈரம் தெரிகிறதா. மூன்றில் இரண்டு இருந்தால் மூடிவிட வேண்டும். தன்னிடம் இப்படி ஒரு விதி இருப்பது, சொல்லி முடிக்கும்வரை அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

விதியைச் சொன்ன பிறகு முதலாளி ஒன்று சேர்த்தார். அதுதான் முக்கியமான ஆணி. "இரண்டு இருந்து, மூடி, மழை வராமல் போனால், அந்த அரை நாள் வெயில் என் கணக்கு. யாரும் யாரையும் கேட்கக் கூடாது."

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

கத்தலை எண்ணாதீர்கள். அவர் விடுமுறையில் இருக்கும் நாளில் ஆலையிலிருந்து அவருக்கு எத்தனை போன் போகிறது என்று எண்ணுங்கள். இதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை, அவரே காட்டிவிடுவார். தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு அழைப்புகள். அதைப் பெருமையாகத்தான் என்னிடம் காட்டினார். அந்தப் பெருமை எப்போது எரிச்சலாக மாறுகிறதோ அப்போது பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஆறு மாதத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. வாரம் அரை மணி நேரம், நாள் மாறாமல். கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும்போதோ, காபித் தோட்டத்தில் பழப் பறிப்பு நடக்கும் கார்த்திகை, மார்கழியிலோ தொடங்காதீர்கள். அப்போது எல்லோருமே பொல்லாதவர்கள்தான்.

நான் இளைய முதலாளி. அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். நான் எப்படி அவருக்குச் சொல்வது?

சேலத்தில் இந்தக் கேள்விதான் அதிகம். அப்பா தொடங்கிய பட்டறை. மகன் பொறியியல் படித்துவிட்டு வந்து உட்காருகிறார். மேஸ்திரியைச் சிறு வயதிலிருந்து 'மாமா' என்று கூப்பிட்டுப் பழக்கம். அவர் இவரைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர். இன்றும் ஆட்கள் முன்னால், "டேய் கண்ணு, உனக்கு இது புரியாது" என்பார். பாசமும் அவமானமும் ஒரே வாக்கியத்தில்.

'மாமா'வைக் கைவிடாதீர்கள். ஒருவர் ஒரே நாளில் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த மனிதர் வீட்டில் போய் அழுதாராம். முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வேலையைத் தெளிவாகச் சொல்லலாம். "மாமா, தனியாக நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். பட்டறையில் ஆட்கள் முன்னால் 'உனக்குப் புரியாது' என்று சொன்னால், நாளைக்கு நான் சம்பளம் பேசும்போதும் அவர்கள் அதையே நினைப்பார்கள். இது உங்களால் மட்டும்தான் சரியாகும்." கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை.

இன்னொன்று. அவருக்கு உங்கள் அப்பாவிடம் போகும் வழி திறந்திருக்கும்வரை நீங்கள் சொல்வது எதுவும் நிற்காது. மாலையில் வீட்டுத் திண்ணையில் அப்பாவோடு காபி குடித்துக்கொண்டே அவர் உங்கள் முடிவைக் கலைத்துவிடுவார். முதலில் அப்பாவோடு பேசுங்கள். அது மேஸ்திரியோடு பேசுவதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும்.

எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்கச் சொல்லலாமா?

வேண்டாம். வற்புறுத்தி வாங்கிய மன்னிப்பு வட்டியோடு திரும்பி வரும். ஆனால் எல்லோர் முன்பும் திட்டியதை எல்லோர் முன்பும்தான் சரிசெய்ய வேண்டும், அதை அவர் தன் பாணியில் செய்யட்டும். நம் ஃபோர்மேன் ஒருநாள் களத்தில் நின்று, "இனிமேல் மழைக்கு மூடச் சொல்வது இவர் வேலை. என்னைக் கேட்க வேண்டாம்" என்று உதவியாளரைக் காட்டிச் சொன்னார். 'இவன்' என்று சொல்லாமல் 'இவர்' என்றார். எட்டுப் பெண்களும் அதைக் கவனித்தார்கள்.

பிரச்சினைக்குரியவர் பெண்ணாக இருந்தால்?

முதலில், பிரச்சினை உண்மையா என்று பாருங்கள். ஆண் குரலை உயர்த்தினால் 'கண்டிப்பானவர்', பெண் அதையே செய்தால் 'திமிர் பிடித்தவர்' என்கிற ஊர் இது. ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலியரைப் பற்றி வந்த புகார்களை வரிசையாகப் படித்தேன். கை கழுவாமல் வார்டுக்குள் வந்த இளம் மருத்துவரைத் தடுத்தார், கையெழுத்தில்லாத மருந்துச் சீட்டைத் திருப்பி அனுப்பினார், இப்படியே போனது. பயிற்சி அந்த அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

இவருக்குத் தலைமைப் பதவியே கொடுக்காமல் இருந்தால் என்ன?

நல்ல யோசனை. பலர் அதைத் தண்டனை என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். நன்றாக வேலை செய்கிறவரை மேலே மேலே ஏற்றி, கடைசியில் அவருக்கு வராத வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவோம் என்று லாரன்ஸ் பீட்டர் 1969இல் கிண்டலாகச் சொன்னார். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் சம்பளம் ஏற ஒரே ஏணிதான் இருக்கிறது; அதில் ஏற வேண்டுமானால் பத்துப் பேரை மேய்க்க வேண்டும். கொலுசுப் பட்டறையில் நுணுக்கமான பற்றவைப்பில் கைதேர்ந்தவருக்கு ஆட்களே இல்லாமல், மேஸ்திரிக்கு இணையான கூலியும் மரியாதையும் கொடுத்துப் பாருங்கள். அவரும் நிம்மதியாக இருப்பார், பட்டறையும் நிம்மதியாக இருக்கும்.

ஆனால் ஆட்களைத் தலைமை ஏற்று நடத்த வேண்டிய இடம் என்றால் வாய் ஒரு சின்ன விஷயம் இல்லை. மேலே வருவார்கள் என்று நம்பப்பட்ட மேலாளர்கள் ஏன் பாதியில் தடம் புரள்கிறார்கள் என்று மெக்கால், லம்பார்டோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1983இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் முதலில் நின்ற காரணம், கூட இருப்பவர்களின் மனதை மதிக்காத முரட்டுத்தனம்.

கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டால்? எதிர் ஆலைக்காரர் காத்திருக்கிறார்.

இந்தப் பயத்துக்கு நீங்கள் மாதாமாதம் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் தலையில் இருப்பது இன்னும் இருவர் தலைக்குப் போகும்வரை பயம் போகாது. அப்படிப் போய்ச் சேர்ந்துவிட்டால், அவர் பெரும்பாலும் வேலையை விட்டுப் போகவும் மாட்டார்.

பயிற்சிக்கு இடமே இல்லாத சூழ்நிலை எது?

கை நீட்டுவது, பெண்களிடம் தகாத பேச்சு அல்லது நடத்தை, சாதியைச் சொல்லித் திட்டுவது. இவற்றில் எதையும் 'திறமையான ஆளின் கோபம்' என்று மூடி மறைக்காதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். சாதி வசைக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 'தனியாகக் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவிடலாம்' என்று என்னை அழைத்தவர்களிடம், இது என் வேலை இல்லை என்று சொல்லித் திரும்பியிருக்கிறேன்.

நீங்கள் தோற்றதுண்டா?

உண்டு. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். ஓர் இரவு தள்ளினால் சுவை கெடும். அந்தப் பல்பர் கொட்டகையை நடத்தியவர் அபாரமான வேலைக்காரர். மாலையில் பெண்கள் மூட்டையோடு எடை போட வரிசையில் நிற்பார்கள். பச்சைக் காய் கலந்திருந்தால் அந்த மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டி, அவர்களையே இருட்டில் பொறுக்க வைப்பார்.

நான் சொன்னதையெல்லாம் அவர் உடனே ஒப்புக்கொண்டார். தலையாட்டினார், நோட்டில் எழுதிக்கொண்டார், "நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, ஐயா" என்றார். ஆறு வாரம் நான் ஏமாந்தேன். உரிமையாளர் இருக்கும்போது பசு; ஜீப் கீழே இறங்கியதும் பழைய கதை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. எதிர்த்துச் சண்டை போடுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை உண்டு. உடனே ஒப்புக்கொள்கிறவரிடம் இப்போதெல்லாம் எச்சரிக்கையாக இருக்கிறேன்.

அவரை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள் என்று சொன்னேன். "இந்தப் பறிப்பு முடியட்டும்" என்றார் உரிமையாளர். பறிப்பு முடிவதற்குள் பெண்கள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். பழுத்ததெல்லாம் செடிக்கடியில் உதிர்ந்து கிடந்தது.

அந்த சேகோ ஆலை ஃபோர்மேன் இப்போது எப்படி இருக்கிறார்?

இன்னும் கத்துகிறார். இப்போது மோட்டாரைப் பார்த்து, லாரிக்காரரைப் பார்த்து, சில நாள் என்னைப் பார்த்தும். களத்து அம்மாவைப் பார்த்துக் கத்துவது குறைந்திருக்கிறது. முழுக்க நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். உதவியாளர் இரண்டாவது ஆண்டாக அங்கேயே இருக்கிறார்.

போன ஐப்பசியில் மகளுக்குத் தலைத் தீபாவளி. மருமகன் வீட்டுக்கு வந்திருந்ததால் ஃபோர்மேன் மூன்று நாள் விடுப்பு. தீபாவளிக்கு மறுநாள் ஆலை ஓடியது. மதியம் அவருக்கு ஒரே ஒரு போன் வந்தது. "அண்ணா, மலை மறைந்தது, காற்றும் திரும்பியது, மூடிவிட்டேன். ஆனால் மழை வரவில்லை. சும்மா தகவல் சொல்லத்தான்." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாராம். அந்த 'சரி'க்கு முன்னால் பல்லைக் கடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது என்கிறார் உதவியாளர்.